ஒன்பதாம் நம்பர் காட்டுத் தேன்

எங்கள் தோட்டத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்றால் அதற்கு ஒரு ஃபைல் இருக்கும். ஃபைல் இல்லாத பொருள் இல்லாத பொருள். இந்தக் கொள்கையை வகுத்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அவர்கள், பாவம், தொடங்கி வைத்ததோடு சரி. அதற்கு வரிசை எண் போட்டு, அட்டை தைத்து, சிவப்பு நாடா கட்டி முழுமையாக்கியவன் நான்தான்: கோலாலம்பூருக்கு வடக்கே மலைமேல் இருக்கும் கிளென்டாரா தேயிலைத் தோட்டத்தின் சின்னக் கிராணி தங்கராஜு. பதினைந்து வருஷமாக ஆபீஸ் குமாஸ்தாவாக டைப் அடிக்கிறேன். மாட்டுக்கு ஒரு ஃபைல்; ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் நம்பர் போட்ட பித்தளை வில்லை தொங்கும். கோழிக்கு ஒரு ஃபைல். வீட்டுக்குப் பத்துக்கு மேல் கூடாது. பூனைக்கு ஃபைல் இல்லை. ஆகவே கிளென்டாராவில் பூனை இல்லை. எலிகளை யார் பிடிக்கிறார்கள் என்பது இன்றுவரை ஆபீஸுக்குத் தெரியாது.

1983 மார்ச் மாதம், என் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால், ஃபைல் இல்லாத இருபதாயிரம் ஜீவன்கள் குடியேறின.

தேனீ வளர்க்க இரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறோம், தோட்டத்துக்கு ஓர் ஆளை அனுப்புங்கள் என்று விவசாய இலாகாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. உறையைப் பிரித்தவன் நான் என்பதால் என்னையே அனுப்பிவிட்டார்கள். மற்ற எல்லாருக்கும் தோட்டத்தில் வேலை இருந்தது. பயிற்சி முடிந்ததும் தேனீக் கூட்டத்தோடு இரண்டு மரப்பெட்டிகள் கொடுத்தார்கள். முட்டைக்கோஸ் லோரியின் பின்னால் உட்கார்ந்து அவற்றை மடியில் வைத்தபடி ஊர் வந்து சேர்ந்தேன்.

"ஊர்ல ஆளுங்க பயிற்சிக்குப் போனா சர்டிபிகேட் கொண்டாருவாங்க. இவரு என்னா கொண்டாந்திருக்காரு பாரு" என்றாள் என் மனைவி ருக்குமணி, வீட்டில் வேறு யாரும் இல்லாததால் சுவரைப் பார்த்து.

அவள் சொன்னதில் நியாயம் உண்டு. தபால் மூலம் படித்த ஹோமியோபதி, ரோஜா ஒட்டு, மீன் தொட்டி, ஷார்ட்ஹேண்ட் என்று நான் வீட்டுக்குக் கொண்டு வந்த எதுவும் உருப்பட்டதில்லை. எல்லாம் என் கவனிப்பில் செத்தன. தேனீக்களுக்கு மட்டும் என் கவனிப்பு தேவைப்படவில்லை. காலையில் வெயில் ஏறியதும் கிளம்பின, மலையைத் தாண்டி எங்கேயோ போயின, கால் நிறைய மகரந்தத்தோடு திரும்பின. நாற்பத்தோரு வயதில் நான் தொட்டும் துலங்கிய ஒரு காரியத்தை முதல்முறையாகப் பார்த்தேன். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ருக்குமணி காப்பியை அங்கேயே கொண்டு வந்து வைப்பாள். சில நாள் அவளும் நின்று பார்ப்பாள்.

இரண்டு மாதம் இப்படிப் போனது.

மே மாதம் ஒரு மத்தியானம், நிறுவைக் கொட்டகையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த நேரம். பறிப்பு வேலையை மேற்பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணி சிவசாமி, கெட்டிப்பால் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, கூடையில் முற்றல் இலை கலந்திருப்பதாகப் பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டு சூடு பிடித்த இடத்தில் ஒரு மடக்குக் குடிக்கக் கோப்பையைத் தூக்கினார். விளிம்பில் ஒரு தேனீ இருந்தது. மேலுதட்டில் கொட்டியது.

கொட்டியது குற்றமில்லை. அதன் பிறகு சிவசாமியால் எந்த வார்த்தையையும் முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதற்கு எண்பது பெண்கள் சிரித்தார்கள். அதுதான் குற்றம். கொட்டகையில் சிரிப்புக்கு ஃபைல் இல்லை.

மறுநாள் மேனேஜர் டொனால்ட் துரை என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார். டொனால்ட் துரையின் அப்பா இதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருந்தவர். மகன் துரையானதும் வெள்ளைக்காரத் துரைமார் மறந்துவிட்டுப் போன முறைமைகளையெல்லாம் தேடியெடுத்துக் கடைப்பிடித்தார். அவர் தமிழ் பேசினால் அதுவும் டைப் அடித்த மாதிரியே இருக்கும்.

"பெறுநர், திரு. தங்கராஜு, சின்னக் கிராணி" என்று தொடங்கினார். நான் குறித்துக்கொண்டேன். "தாங்கள் அனுமதியின்றி வைத்திருக்கும் பூச்சிகளை, தேயிலை பயிரிடப்பட்ட எல்லைக்கு வெளியே, பதினான்கு நாட்களுக்குள் அகற்ற வேண்டும். தவறினால் மருந்தடிக்கும் ஆட்களைக் கொண்டு நிர்வாகமே அகற்றும்."

நான்கு பிரதி அடித்தேன். இரண்டு இடங்களில் வாசகம் கொஞ்சம் மென்மையாக இருந்தது. பழக்க தோஷத்தில் கடுமையாக்கினேன். பிறகு அதை என்னிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக என்னிடம் கையெழுத்து வாங்கி, கோப்பில் சேர்த்தேன். தேனீக்களுக்கு ஃபைல் பிறந்துவிட்டது. அதன் முதல் தாளே அவற்றைக் கொல்லும் உத்தரவு.

இடம் தேடத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள் மாரியம்மன் கோயில் கமிட்டியிடம் போனேன். கோயிலுக்குப் பின்னால் சரிவில் வெறும் புல்தான். கமிட்டித் தலைவர் ரெங்கசாமி இரண்டு பெட்டிகளுக்காக ஒன்பது பேர் கொண்ட துணைக் கமிட்டியைக் கூட்டினார்.

"தம்பி, திருவிழாவுக்கு மோளம் அடிப்போம், வெடி போடுவோம். அப்ப அதுங்க கோவப்படாதுன்னு எழுதிக் குடுப்பியா?"

"தேனி சார்பா நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

"அப்ப அதுங்களுக்கு உன் மேல நம்பிக்கை இல்லைன்னு ஆகுது. உன்னையே நம்பாத பூச்சிய நாங்க எப்படி நம்புறது?"

துணைக் கமிட்டி இதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டு, டீ குடித்துக் கலைந்தது.

ஐந்தாம் நாள் மலையிறங்கி ரிங்லெட் டவுனுக்குப் போனேன். பசாருக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதைத் தருகிற அதிகாரம் டவுனில் ஓர் அலுவலகத்துக்கு இருந்தது. பெயர் வேண்டாம்; எனக்கு நாளைக்கும் அங்கே வேலை இருக்கும். கவுண்டரில் மேவிஸ் இருந்தாள். தோட்டத்துப் பள்ளியில் எனக்கு நாலைந்து வகுப்பு கீழே படித்த பெண். விண்ணப்பப் படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"அண்ணே, பாரத்துல தேனி இல்ல. கோழி இருக்கு, வாத்து இருக்கு, ஆடு இருக்கு."

"'இதர'ன்னு ஒரு கட்டம் இருக்கே."

"அது இந்த வருஷத்துக்கு முடிஞ்சிருச்சிண்ணே. முயல் வளர்க்கறவரு ஒருத்தரு எடுத்துக்கிட்டாரு. வருஷத்துக்கு ஒரு இதரதான்."

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே இரக்கமாகியிருக்க வேண்டும். "சரி, கோழில எழுதித் தரேன்லா. எத்தன தலை?"

"இருபதாயிரம் இருக்கும்."

பேனாவை எடுத்துவிட்டாள். "ஆணு எத்தன, பொண்ணு எத்தன?"

"ரெண்டு ராணி. சில நூறு ஆண். மத்ததெல்லாம் பொண்ணுங்க."

"ஆம்பளைங்க என்ன வேல செய்யறாங்க?"

"ஒண்ணும் செய்யாது. வேலை பூராவும் பொண்ணுங்கதான்."

"அப்ப அது தொழிற்சாலைண்ணே. மூணாம் நம்பர் கவுண்டர்."

மூன்றாம் நம்பர் கவுண்டரில் ஒரு பெரிய மனிதர் விதிமுறைப் புத்தகத்தை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். இருபத்தைந்து பெண் தொழிலாளர்களுக்கு ஒரு கழிப்பறை. நான் கட்டித் தர வேண்டியவை எண்ணூறு. அவற்றைக் கட்ட அந்தத் துண்டு நிலம் போதாது என்பதால் விண்ணப்பத்தை நிராகரிப்பதாகவும், நிலம் பெரிதாக இருந்திருந்தால் உதவியிருப்பேன் என்றும் அன்போடு சொன்னார். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவருடைய மேசைமேல் இருந்த சிவப்பு நாடா என்னுடையதைப் போலவே முடிச்சுப் போடப்பட்டிருந்தது. சிரிப்பு வரவில்லை.

திரும்பி வந்ததும், கோலா தெர்லாவில் காய்கறி போடும் என் மச்சான் சிங்காரத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். அந்த வாரத்தில் நேரான பதில் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

"கொண்டாந்து வை மச்சான், எனக்கென்ன. நான் திங்க, பொதன், வெள்ளி மருந்தடிப்பேன். மூணாம் நாளு கூட்டிப் பெருக்கி அள்ளிட்டுப் போயிரு."

ஆறாம் நாள் ருக்குமணி சொன்னாள்: "எல்லார்கிட்டயும் பாரம் குடுக்கறீங்க. துரைக்கு ஒரு போத்தல் தேன் குடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. பயிற்சியில் சொல்லித் தந்தபடி அடையை வெட்டி, துணியில் வடிகட்டி, நல்ல போத்தலாகப் பார்த்து நிரப்பினேன். வெளிர் நிறத்தில், முடிவில் லேசாகக் கசப்பு தட்டும் தேன். டொனால்ட் துரை ருசி பார்த்தார், "ம்" என்றார். அந்த 'ம்'மில் கெடு நீட்டிப்பு இருப்பதாக நான் முடிவு செய்துகொண்டேன். உண்மையில் அவர் எட்டாம் நாளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து வி.ஏ. வந்தார். விசிட்டிங் ஏஜெண்ட் என்பதன் சுருக்கம். தோட்டம் தோட்டமாகப் போய், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதுவது அவர் வேலை. பங்களாவில் டீக்கு ரொட்டியோடு என் தேனையும் வைத்தார்கள். நான் அறிக்கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்றேன்.

வி.ஏ. தேனை நாக்கில் வைத்தார். வாய்க்குள் சுழற்றினார். கண்ணை மூடினார்.

"டொனால்ட், நாற்பது வருஷம் தேயிலையை வாயில் வைத்துத் துப்பியவன் நான். இது தேயிலைப் பூ."

வெளியாருக்கு இதன் பயங்கரம் புரியாது. தேயிலைத் தோட்டம் கொழுந்துக்காக இருப்பது. ஒழுங்காகப் பறித்து, ஒழுங்காகக் கவாத்து செய்த செடிக்குப் பூக்க நேரமே கிடைக்காது. செடி பூத்திருக்கிறது என்றால் அந்தப் பக்கம் மனித வாடை வருஷக்கணக்காக இல்லை என்று அர்த்தம். ஒரு மேனேஜரிடம் 'உங்கள் தோட்டத்தில் தேயிலை பூக்கிறதா' என்று கேட்பது, கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மாவிடம் 'பெண்ணுக்குத் தலையில் பேன் இருக்கிறதா' என்று கேட்பது போல.

"அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை மறுபடி வருகிறேன்" என்றார் வி.ஏ. "இந்தத் தடவை ஃபைல் வேண்டாம். காட்டைப் பார்க்கலாம். வெள்ளிக் கோப்பை வாங்கியதே, அந்த ஒன்பதாம் நம்பர், அங்கிருந்து ஆரம்பிப்போம்."

தேயிலை போட்ட பகுதிகளை நம்பர் போட்டுக் காடு என்றுதான் நாங்கள் சொல்வோம். ஐந்து வருஷம் தொடர்ந்து ஆள் மட்டம் போடாத, விபத்து இல்லாத, ஒரு புகார்கூட வராத காட்டுக்குக் கம்பெனி ஒரு வெள்ளிக் கோப்பை கொடுக்கும். 1979-இல் அதை ஒன்பதாம் நம்பர் காடு வாங்கியது. ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. தூசி தட்டுவது நான்தான்.

ஒன்பதாம் நாள் காலை விசாரணை. டொனால்ட் துரை, சிவசாமி, குறிப்பெடுக்க நான். துரை எழுந்து நின்று பேசினார்.

"பூ என்பது ஒரு செடி நம் அனுமதியின்றி எடுக்கும் முடிவு. அப்படி ஒரு முடிவு இந்தத் தோட்டத்தில் எடுக்கப்படவில்லை. எல்லாக் காடும் இருபத்தொரு நாளுக்கு ஒரு சுற்று பறிக்கப்படுவதாக அறிக்கை இருக்கிறது. பறிக்கப்படும் செடி பூக்காது. ஆகவே பூ இல்லை. பூ இல்லாத இடத்தில் தேன் இல்லை. வி.ஏ. ருசி பார்த்தது என்ன என்பதுதான் கேள்வி."

"பக்கத்துத் தோட்டத்துப் பூவா இருக்கும் துரை" என்றார் சிவசாமி. உதட்டு வீக்கம் வற்றிவிட்டிருந்தது. "அங்கத்துத் தேனி இங்க வந்து போட்டுட்டுப் போயிருக்கும். அந்தத் தோட்டத்துக்காரனே அனுப்பினாலும் அனுப்பியிருப்பான்லா."

"எப்படி இருந்தாலும், அந்தப் பூச்சிகள் இனிமேல் வெறும் தொல்லை இல்லை, தங்கராஜு. நமக்கு எதிரான சாட்சி. பதினாலாம் நாள் சாயங்காலமே மருந்தடித்துவிடுங்கள்."

குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

பத்தாம் நாள் ஞாயிறு. தேனீ எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கப் பயிற்சியில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். திறந்த இடத்தில் நின்று, அது பறக்கும் திசையைப் பார்த்து, அந்தத் திசையில் நடந்து, மறுபடி நின்று பார்க்க வேண்டும். பூ பக்கத்துத் தோட்டத்தில்தான் என்று நிரூபித்துவிட்டால் என் தேனீக்கள் தப்பிக்கும் என்பது என் கணக்கு. துணைக்கு மண்டோர் மாடசாமியைக் கூட்டிக்கொண்டேன். முப்பது வருஷமாக ஆட்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளர் அவர். ஓய்வு நாளில் ஒரு கிராணி பூச்சிக்குப் பின்னால் ஓடுவதைப் பார்க்கும் வாய்ப்பை விட மனமில்லாமல் வந்தார்.

இரண்டு மணி நேரத்தில் ஓர் ஓடைக்கு வந்தோம். ஓடையின் இரு கரையிலும் பாலத்தின் கட்டைகள் மட்டும் நின்றன. தேனீக்கள் நேராக அக்கரைக்குப் போயின.

"இது எந்தக் காடுங்க மண்டோர்?"

மாடசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெளையாடறியா கிராணி? ஒம்பதாம் நம்பர்."

தண்ணீரில் இறங்கினேன். நடுவில் வழுக்கி உட்கார்ந்து, எழுந்து, அக்கரை ஏறினேன். இடுப்பளவில் மேசை போல நிற்க வேண்டிய தேயிலை, தலைக்கு மேல் மரமாக நின்றது. மரம் முழுக்க வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். காடு மொத்தமும் ஒரே ரீங்காரம். என்னுடைய இருபதாயிரம் பேரும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"பாலம் போனது எழுவத்தொண்ணு டிசம்பர் மழைல" என்றார் மாடசாமி, இக்கரையிலிருந்தே. "அன்னிக்கிலேருந்து ஈ காக்கா போகல. ஒனக்குத் தெரியாதா? நீதான மாசாமாசம் எழுதற?"

எனக்குத் தெரியாது என்று இங்கே எழுத ஆசை. 'ஒன்பதாம் நம்பர் காட்டுப் பாலம் வெள்ளத்தில் போய்விட்டது, புதுப் பாலம் தேவை' என்று 1971 டிசம்பரில் டைப் அடித்தவனும் நான்தான். அது பாலம் ஃபைல். 'ஒன்பதாம் நம்பர்: வழக்கம்போல் பறிக்கப்பட்டது' என்று மாதந்தோறும் டைப் அடிப்பது பறிப்பு ஃபைல். இரண்டும் பன்னிரண்டு வருஷமாக ஒரே அலமாரியில், பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கின்றன. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டதில்லை. ஒரு முறை, 'வழக்கம்போல்' என்று அடித்து அடித்துச் சலித்துப்போய், 'மிகச் சிறப்பாக' என்று என் சொந்த முயற்சியில் மாற்றியிருக்கிறேன். கோப்பை வாங்கிக் கொடுத்ததில் அந்தச் சொல்லுக்கும் பங்கு இருக்கலாம். தோட்டத்தில் எழுநூறு பேருக்கு இது தெரிந்திருந்தது. படித்தவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

பதினோராம் நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சிவசாமியிடம் போனேன். இவ்வளவு பெரிய உண்மையைக் கையில் வைத்திருப்பவனின் பெட்டிகளை யார் தொடுவார்கள்?

"ஒன்பதாம் நம்பருக்குப் போயிருந்தேன்" என்றேன்.

"அப்பிடியா?" சிவசாமி காப்பியை ஊதிக் குடித்தார். இப்போதெல்லாம் ஒவ்வொரு மடக்குக்கும் முன்னால் விளிம்பைப் பார்த்துக்கொள்வார். "நல்லாத்தான இருக்கு?"

"பாலமே இல்லைங்க. எல்லாம் மரமா நிக்குது. துரைகிட்ட சொல்லிட்டா என்னாகும்னு தெரியுமா?"

அவர் அலமாரியைத் திறந்து, பறிப்பு ஃபைலை எடுத்து, என் முன்னால் வைத்துப் புரட்டினார். நூற்று நாற்பதுக்குச் சற்றுக் குறைவான தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே சுருக்கொப்பம்.

"யாரு கையெழுத்து இது? என்னுதா? நான் வாயால சொன்னவன்பா. வாயில தேனி கொட்டுனா வீங்கும், வத்திப்போகும். மை வத்தாது." ஃபைலை மூடி என்னிடமே கொடுத்தார். "நாடாவ நல்லா கட்டி வை. நீதான் அழகாக் கட்டுவ."

கட்டி வைத்தேன்.

அன்று சாயங்காலம் முக்காலியில் உட்கார்ந்து பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் மூன்று நாள். காப்பியோடு வந்த ருக்குமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், 'மிகச் சிறப்பாக' உட்பட. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தேனீக்கள் வந்து இறங்குவதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பன்னெண்டு வருஷமா அங்க யாரும் போகலங்கறீங்க."

"ஆமா."

"இனிமேலும் போக மாட்டாங்க."

"போனா மாட்டிக்குவாங்களே."

"மருந்தடிக்கற ஆளும் போக மாட்டான்."

"மாட்டான்."

"அப்ப அங்க கொண்டு போய் வைக்கறதுக்கு என்னா? ஊரெல்லாம் எடம் தேடி அலைஞ்சீங்க. நீங்களே கையெழுத்துப் போட்டுக் காலி பண்ணி வச்ச எடம் ஒண்ணு இருக்கு."

அவள் சொன்னதை ஆபீஸ் பாஷையில் மாற்ற எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பதினான்காம் நாள் காலை துரை முன்னால் நின்றேன். சிவசாமியும் இருந்தார். மருந்தடிக்கும் டின்கள் வாசலில் தயாராக இருந்தன.

"துரை, பெட்டிகளை வைக்க ஓர் இடம் கிடைச்சிருக்கு. ஒன்பதாம் நம்பருக்குப் போற பாதையில, ஓடைக்கு இந்தப் பக்கம்."

டொனால்ட் துரை பேனாவைக் கீழே வைத்தார். "அங்கே பாலம்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. சிவசாமி கூரையைப் பார்த்தார்.

"அந்தக் காட்டுக்கு ஆட்கள் தினமும் வேலைக்குப் போகிறார்களே. கொட்டாதா?"

"அந்தக் காட்டு ஆட்கள்கிட்டேருந்து இதுவரைக்கும் ஒரு புகாரும் வந்ததில்லை துரை."

"ரொம்ப சாதுவான ஆளுங்க" என்றார் சிவசாமி.

"பார்வையாளர்கள்?"

"ஜீப்பை விட்டு இறங்காம இருக்கறது நல்லது. பெட்டிக்கு இருநூறு அடிக்குள்ள யாரும் போகக்கூடாதுன்னு ஒரு போர்டு வச்சிடலாம்."

"பயிற்சியில் அப்படியா சொன்னார்கள்?"

"பத்து அடின்னு சொன்னாங்க. தோட்டத்தோட நலனுக்காக நான் கூட்டியிருக்கேன்."

டொனால்ட் துரை முதல்முறையாக என்னை ஒரு மனிதனாகப் பார்த்தார். எழுந்து ஜன்னலருகே போனார்.

"தங்கராஜு, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவன் மேனேஜர். பார்க்க வருகிறவரை எங்கே நிறுத்தி வைக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் துரை. இதை என் அப்பா எனக்குச் சொல்லித் தரவில்லை. அவர் புண்ணைத் திறந்து பார்த்துக் கட்டுப்போடுகிற தொழிலில் இருந்தவர்." பிறகு மேசைக்குத் திரும்பி, "எழுதிக்கொள். மேற்படி பூச்சிகள் தோட்டத்தின் எல்லைக்கு வெளியே அகற்றப்பட்டன. கோப்பு முடிக்கப்பட்டது."

வாசலில் இருந்த டின்களை எடுத்துப்போகச் சொன்னார்.

அன்று பொழுது சாய்ந்ததும், பெட்டிகளின் வாசலைப் புல்லால் அடைத்து, ஆளுக்கொரு பெட்டியாக நானும் மாடசாமியும் சுமந்துகொண்டு போய் ஓடையோரம் வைத்தோம். மூன்று நாளைக்குச் சில தேனீக்கள் குளியலறைக்குப் பின்னால் வந்து வட்டமிட்டுத் தேடின. பிறகு அவையும் வரவில்லை. ருக்குமணி முக்காலியை உள்ளே எடுத்து வைத்தாள்.

வி.ஏ. சொன்ன வியாழக்கிழமை, ஜீப் ஓடைக்கு முந்தைய வளைவில் நின்றது. முன்னால் என் சிவப்புப் போர்டு, அதற்குப் பின்னால் இரண்டு பெட்டிகள், அவற்றின் வாசலில் நல்ல போக்குவரத்து. வி.ஏ. இறங்கக் காலை வெளியே நீட்டினார். ஒரு தேனீ அவருடைய சப்பாத்தைச் சுற்றிப் பார்த்தது. காலை உள்ளே எடுத்துக்கொண்டார். பைனாகுலரைக் கண்ணில் வைத்து அக்கரையைப் பார்த்தார்.

"டொனால்ட், அங்கே மேலே, அந்த வெள்ளை என்ன?"

"பனி" என்றார் துரை.

"பனிங்க" என்றார் சிவசாமி.

என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் "பனி, சார்" என்று என் வாயிலிருந்து வந்தது. மணி பதினொன்று. வெயிலில் ஜீப்பின் பானெட் கொதித்துக்கொண்டிருந்தது.

வி.ஏ. நெடுநேரம் பார்த்தார். பனி ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பைனாகுலரை உறையில் போட்டு மூடினார்.

"நல்ல பனி. முடிவில் லேசாகக் கசக்கிறது. மாதம் நான்கு போத்தல் எனக்கு அனுப்பி வையுங்கள்."

அன்று முதல் அதற்கு ஆபீஸில் 'பனித்தேன்' என்று பெயர். லேபிளை நான்தான் டைப் அடிக்கிறேன். அடுத்த மாதமே டொனால்ட் துரை இன்னும் எட்டுப் பெட்டிகள் வேண்டும் என்றார். ஆறாம் நம்பர் காட்டிலும் பாதை சரியில்லையாம். என்னைப் பெரிய கிராணியாக ஆக்கப்போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. சிங்காரத்தின் மருந்து, ரெங்கசாமியின் மேளம், எண்ணூறு கழிப்பறை எல்லாவற்றிலும் தப்பிய என் தேனீக்கள் இந்தத் தோட்டத்தில் யாரும் தொட முடியாத இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. அந்த இடம் அப்படியே இருக்க, நான் மாதம் ஒரு முறை ஒரு வரி டைப் அடித்தால் போதும். 'மிகச் சிறப்பாக' என்றுதான் அடிக்கிறேன். இப்போது அதில் பாதி உண்மை.

அடுத்த வருஷமும் கோப்பை ஒன்பதாம் நம்பருக்கே வந்தது. நிறுவைக் கொட்டகையில், எண்பது பெண்களுக்கு முன்னால் கொடுத்தார்கள். அந்தப் படம் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறது. நடுவில் டொனால்ட் துரை. கோப்பையின் ஒரு காதைச் சிவசாமி பிடித்திருக்கிறார், இன்னொரு காது என் கையில். பெண்கள் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சிவசாமி ஒரு கையால் தன் மேலுதட்டைப் பொத்திக்கொண்டிருக்கிறார். துரை காமிராவைப் பார்க்கிறார். நான் மட்டும் கோப்பையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், கால் நிறைய மஞ்சள் தூளோடு. அந்த விழாவுக்கு ஒன்பதாம் நம்பர் காட்டிலிருந்து வந்திருந்த ஒரே தொழிலாளி.